நாலாவில் அள்ளிய எண்ணெய்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் தெலுங்கு பேசும் ஊரான மௌலா அலியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஜோலார்பேட்டைப் பக்கத்துக் குடும்பம் என்பதால் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு இருபது வயது. டைப்ரைட்டிங் ஹயர் முடித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன்.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாலா ஓடியது. மழைத்தண்ணீர் போவதற்காக வெட்டிய அகலமான கால்வாய். அதன் கரையில் முப்பது நாற்பது குடிசைகள். நாலாவின் மேல்பக்கம் ஒரு தனியார் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்கு இருந்தது. இரண்டு பெரிய வட்டத் தொட்டிகள் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். டேங்கர் லாரிகள் வந்து நிரப்பிக்கொண்டு பட்டான்செரு பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகும். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்தக் குடிசைகளில் தமிழ் பேசுகிற குடும்பம் ஒன்றே ஒன்றுதான். சேலம் பக்கத்திலிருந்து தண்டவாள வேலைக்குக் கூலிக் கூட்டத்தோடு வந்து, வேலை முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்கள். கணவன், மனைவி, ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. அவர் மூட்டை தூக்குவார், குழி வெட்டுவார், கிடைத்ததைச் செய்வார். மனைவி காலையில் குடிசை வாசலில் இட்லி சுட்டு, ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு விற்பாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். தமிழில் பேச அவளுக்கு என் அம்மா வேண்டியிருந்தது. என் அம்மாவுக்கு அவள் வேண்டியிருந்தது. மதிலில் இடிந்துபோயிருந்த ஓர் இடம் வழியாக இருவரும் தினமும் பேசிக்கொள்வார்கள்.

கெரசின் கிடைக்காத வருடம் அது. ரேஷன் கடை வாசலில் ஆட்களுக்குப் பதிலாக டின்கள் வரிசையில் நிற்கும். அரை நாள் நின்றால் இரண்டு லிட்டர் கிடைக்கும், சில நாள் அதுவும் இல்லை. இப்படி இருக்கும்போது, ஆவணி மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு காலை, நாலாவில் எண்ணெய் வந்தது.

முதலில் வாசனைதான் வந்தது. பெட்ரோல் பங்க்கில் அடிக்குமே, அதில் கொஞ்சம் இனிப்பைக் கலந்ததுபோல ஒரு வாசனை. அப்புறம் குடிசைப் பக்கம் கூச்சல். கிடங்கில் ஏதோ வால்வு உடைந்து, தொட்டி இரவெல்லாம் காலியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. நாலாத் தண்ணீர்மேல் எண்ணெய் நிறமில்லாமல், பளபளவென்று, நாலு விரல் கனத்துக்கு மிதந்து வந்தது. குடம், டின், சோற்றுப் பானை என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லோரும் இறங்கியிருந்தார்கள். முழங்கால்வரை எண்ணெயில் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டே அள்ளினார்கள்.

"ஏண்டி, இன்னா பாத்துகினு நிக்கற? நீயும் ஒரு பக்கெட் எடுத்துகினு போ" என்றாள் அம்மா.

நானும் போனேன். மதிலைத் தாண்டி இறங்கி, கரையில் உட்கார்ந்து ஒரு சொம்பால் அரை பக்கெட் அள்ளினேன். அக்கா இரண்டு டின்னை நிரப்பி மூன்றாவதை நிரப்பிக்கொண்டிருந்தாள். சேலையை முழங்காலுக்குமேல் செருகியிருந்தாள். "ஒரு வருசத்துக்குக் கவலையில்ல கண்ணு" என்றாள். அவள் பெண் பக்கத்தில் நின்று ஒரு டால்டா டப்பாவால் அள்ளிக்கொண்டிருந்தது.

நைனா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பக்கெட்டைப் பார்த்தார். விரலை விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இது கெரசின் இல்ல. எங்க வொர்க்‌ஷாப்ல பெயிண்ட் கரைக்க ஒண்ணு வச்சிருப்பான், அந்த வாசன. அடுப்புல ஊத்தினா மூஞ்சி வெந்துடும். கொண்டுபோய்க் கொட்டு. கைய சோப்பு போட்டுக் கழுவு."

குளியலறைக்குப் பின்னால் கொட்டினேன். "அங்க இருக்கறவங்களுக்கும் சொல்லிட்டு வா" என்றார். போய்ச் சொன்னேன். அதற்குள் அக்கா திரி அடுப்பில் கெரசினோடு கலந்து ஊற்றிப் பற்றவைத்துவிட்டிருந்தாள். தீ முழ உயரத்துக்கு எழுந்து அவள் புருவத்தைப் பொசுக்கியிருந்தது. "கொஞ்சமா கலக்கோணும் போல, அவ்வளவுதான்" என்று சிரித்தாள். மற்றவர்களுக்கு எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு மட்டும் கிடைத்தால் போதுமா என்று ஒருத்தி கேட்டாள். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். நாலாவின் குறுக்கே மண் கொட்டி அணை கட்டினார்கள். தேங்கிய எண்ணெயை அள்ளி டிரம்மில் நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. ஒரு மேஸ்திரி குடிசை குடிசையாக வந்து கூலி பேசினான். ஆண்களும் பெண்களுமாக முப்பது பேருக்குமேல் மூன்று நாள் வேலை செய்தார்கள். கையுறை கிடையாது, காலுக்கு எதுவும் கிடையாது. பீடி பற்றவைக்கக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு. கடைசியில் அடியில் தங்கியதைப் பழைய சாக்கில் தோய்த்துத் தோய்த்துப் பிழிந்தார்கள். அக்காவும் அவள் புருஷனும் மூன்று நாளும் போனார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது அவர் குடித்தவர்போல் தள்ளாடி நடந்தார். அவருக்குக் குடிப் பழக்கம் இல்லை.

குடிசைக்காரர்கள் குடித்த கிணறு நாலாவிலிருந்து இருபது தப்படியில் இருந்தது. அதன் தண்ணீரில் அந்த வாசனை வந்து சேர இரண்டு வாரம் ஆனது. வேறு தண்ணீர் இல்லாததால் வாசனையோடேயே குடித்தார்கள். எங்கள் குழாயில் பிடித்துக்கொள்ள அம்மா அக்காவை அனுமதித்தாள். முப்பது குடும்பத்துக்கும் அனுமதிக்க முடியவில்லை.

முதலில் கை கால் தோல் உரிந்தது. தலைசுற்றல், வாந்தி. நாலு தெரு தள்ளி ஒரு டாக்டர் இருந்தார், படித்த டாக்டர் இல்லை, ஊசி போடுவார். எல்லோருக்கும் சிவப்பாக ஒரு சத்து ஊசி போட்டார். தோல் ஆறியது. அதோடு போயிற்று என்று நினைத்தார்கள். தீபாவளி கழிந்து ஒரு நாள் அக்காவின் புருஷன் பல் துலக்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் மத்தியானம்வரை நிற்கவில்லை. மூட்டை தூக்கிய தோளில் நீலமாகக் கன்றியது. எங்கேயும் இடிக்காமலே தொடையில், வயிற்றில் எல்லாம் அதேபோல் வந்தது.

நைனா ஒரு நாள் லீவு போட்டு அவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நானும் அக்காவும் கூடப் போனோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர் என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் எண்ணெய் அள்ளியதை நான் சொன்னேன்.

"எலும்புக்குள்தான் ரத்தம் ஊறுகிறது. அவருக்கு அங்கே ஊறுவது நின்றுவிட்டது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் அதை அப்படியே தமிழில் அக்காவிடம் சொன்னேன். அவள், "மறுக்கா ஊற வைக்க மருந்து இருக்குதான்னு கேளு கண்ணு" என்றாள். கேட்டேன். ரத்தம் ஏற்றலாம், அது போதாமல் போகும்வரை ஏற்றிக்கொண்டே இருக்கலாம் என்றார்.

நைனா ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தார். வொர்க்‌ஷாப்பில் நாலைந்து பேரைக் கேட்டு அழைத்து வந்தார். தை மாதம் பிறந்து சில நாளில் அக்காவின் புருஷன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அக்கா அப்போது அங்கே இல்லை. அவளுக்கே நிற்க முடியாமல் குடிசையில் படுத்திருந்தாள். போய்ச் சொன்னவள் நான்தான். அவள் அழவில்லை. ஈரத் தலையைத் துவட்டுவதுபோல முந்தானையால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள். பெண் குழந்தை என்னைப் பார்த்துத் தெலுங்கில், "நான்னா எப்புடு வஸ்தாடு?" என்று கேட்டது. அப்பா எப்போது வருவார் என்று. அதற்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

அந்தக் குளிர்காலத்தில் குடிசைகளில் இன்னும் மூன்று பேர் இறந்தார்கள். ஒரு தெலுங்குப் பத்திரிகையில் செய்தி வந்தது. யார் யாரோ ஜீப்பில் வந்து பார்த்தார்கள். கடைசியில் கம்பெனி நஷ்ட ஈடு தரும், வைத்தியச் செலவையும் ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆங்கிலத்தில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதன்பின் கம்பெனி அமர்த்திய மருத்துவக் குழு ஒவ்வொருவரையும் பார்த்து முடிவு செய்யும்.

குடிசைகளில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லை. தாசில் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தரும் ஓர் அர்ஜிக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் படிவத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்டார். நான் சும்மா எழுதித் தருகிறேன் என்றேன். நைனாவின் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய டைப்ரைட்டரை வாங்கி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தேன். ஒரு வாரம் காலையிலிருந்து சாயங்காலம்வரை வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலை இல்லாமல் இருந்தவளை ஊரே தேடி வந்தது. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் பார்த்துப் பார்த்து அடித்தேன்.

படிவத்தில் ஆறாவது கேள்வி, எண்ணெய் உங்கள்மீது எப்படிப் பட்டது என்பது.

அக்கா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போதே மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். பக்கத்தில் குடிசைக்காரர்களுக்குப் பெரியவர்போல இருந்த ஒரு தெலுங்குக்காரரும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுதட்டும் அக்கா?"

"நடந்தத எழுது கண்ணு. மொத நாளு அடுப்புக்குன்னு அள்ளுனோம். அப்புறம் மூணு நாளு கம்பெனிக்குக் கூலிக்கு அள்ளுனோம்."

பெரியவர் கையை ஆட்டினார். "வத்தம்மா. முதல் நாள் கதை ராயொத்து" என்றார். அதை எழுதாதே என்று. "கிணற்றுத் தண்ணீர் குடித்தோம், அதோடு நிறுத்து. அது பொய்யும் இல்லையே?" என்றார் தெலுங்கில்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்றுத் தண்ணீர் குடித்தால் தோல் இப்படி உரியுமா, டாக்டர் கேட்க மாட்டாரா என்றேன். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் நாளைக்கு அதை வைத்தே பிடித்துக்கொள்வார்கள் என்றேன். அக்கா என் பக்கம் பேசினாள். "படிச்ச புள்ள சொல்லுது, கேளுங்க. நாம என்ன திருடவா போனோம்? நாலாவுல ஓடுனத அள்ளுனோம்."

பெரியவர் எழுந்து போய்விட்டார். அவரும் அவரைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்களும் மரத்தடி அர்ஜிக்காரரிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் நான் எழுதினேன். முதல் நாள் அடுப்பெரிக்க எடுத்தது, அடுத்த மூன்று நாள் கம்பெனிக்கு வேலை செய்தது, பிறகு கிணற்றுத் தண்ணீர். எதையும் விடவில்லை.

குழு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், கம்பெனி அதிகாரி ஒருவர். அக்காவை அழைத்துக்கொண்டு நான் போயிருந்தேன். டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். வக்கீல் என் படிவத்தின் ஆறாவது பதிலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை எழுதியது யார்?"

நான்தான் என்றேன்.

"நல்ல ஆங்கிலம்" என்றார். நான் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதங்கள் வந்தன. நான் எழுதிய படிவங்கள் எல்லாம் தள்ளுபடி. கம்பெனிக்குச் சொந்தமான சரக்கை அனுமதியின்றி எடுத்துச் சென்றபோது ஏற்பட்ட தீங்குக்குக் கம்பெனி பொறுப்பாகாது. அடுத்த மூன்று நாள் வேலைக்கு அமர்த்தியதாக எந்தப் பதிவும் இல்லை. மேலும், திருட்டுக்காகப் போலீசில் புகார் செய்யாமல் இருப்பது கருணையின்பேரில் என்று ஒரு வரி. எல்லாக் கடிதத்திலும் அதே வரி. மரத்தடி அர்ஜிக்காரர் எழுதிய படிவங்களில் ஒரே வாக்கியம்தான் இருந்ததாம், கிணற்றுத் தண்ணீர் குடித்தார் என்று. அவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு தொகை கிடைத்தது. மருந்துக்குச் சீட்டும் கிடைத்தது.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். "படி கண்ணு."

நான் படித்தேன், மனதுக்குள். "இன்னும் முடிவாகலையாம் அக்கா. மறுபடி விசாரிப்பாங்களாம்" என்றேன்.

அவள் சந்தோஷமாகப் போனாள். நாலு நாள் மதில் பக்கம் போகாமல் இருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ஒரு தெலுங்குக்காரி எங்கள் வாசலில் வந்து நின்று, நீ எழுதியதால்தான் என் புருஷன் திருடன் ஆனான் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அதிலிருந்து அக்காவுக்கும் தெரிந்துபோயிற்று. மாலையில் மதில் பக்கம் வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? நாலு நாளு நானு எல்லாத்துகிட்டயும் பணம் வருதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நைனாதான் ஒரு வழி சொன்னார். "மூணு நாளு வேல குடுத்தான் பாரு, அந்த மேஸ்திரி ஒரு கையெழுத்து போட்டா போதும். கம்பெனி சொல்லித்தான் இறங்கினாங்கன்னு ஆயிடும். அவன தேடுங்க." விசாரித்ததில் அவன் இப்போது பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஆள் சேர்க்கிறான் என்று தெரிந்தது.

நானும் அக்காவும் இரண்டு பஸ் மாறிப் போனோம். வழியில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எடையே இல்லை. இறங்கியதும் காற்று வேறு மாதிரி இருந்தது. அழுகிய முட்டைபோல ஒரு நாற்றம், அதற்கடியில் வேறொன்று. அக்கா மூக்கை உறிஞ்சி, "அதே வாசன" என்றாள்.

மேஸ்திரி ஒரு டீக்கடையில் இருந்தான். தமிழ்க் கூலிகளோடு வேலை செய்து செய்து கொஞ்சம் தமிழ் பேசுவான். அக்காவை உடனே அடையாளம் கண்டுகொண்டான். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான். அவள் புருஷன் இறந்ததைக் கேட்டதும் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"ஹவ், ஆமாம்மா, நான்தான் கூலி குடுத்தேன். எதுக்கு இல்லன்னு சொல்லணும்? மூணு நாள் குடுத்தேன்."

"அத ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க, போதும்" என்றேன்.

"நக்கோ. அது மட்டும் வேணாம். இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி, எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. நாளைக்கு எனக்கு யாரு வேல குடுப்பாங்க? எனக்கும் புள்ளைங்க இருக்கு."

நான் விடவில்லை. செத்தவர் கூலி வாங்கிய கையை நீ பார்த்தாய், உன் மனசாட்சிக்குத் தெரியாதா என்றெல்லாம் பேசினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்து வேணாம் மேஸ்திரி" என்றாள். "ஒரு வேல குடு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். டிரம் கழுவுகிற வேலை இருக்கிறது, பெண்களை எடுக்கிறார்கள், தங்க ஓர் அறையும் பார்த்துத் தருகிறேன் என்றான். நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? இங்க அதே எண்ணெய்தான் அக்கா. மாமாவுக்கு ஆனது உங்களுக்கும் ஆகணுமா?"

"இட்லி ஆட்டி சுடறதுக்குக் கையில வலுவில்ல கண்ணு. நாலா ஓரம் இட்லின்னா இப்ப யாரும் வாங்கறதும் இல்ல. புள்ளைக்கு வயிறு இருக்குதே" என்றாள். பிறகு, "மாமாவுக்கு ஆனது எனக்கு ஆவறதா இருந்தா இந்நேரம் ஆயிருக்கும்" என்றாள். அதை அவள் நம்பினாளா, எனக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

அடுத்த மாதமே அவர்கள் பட்டான்செருவுக்குப் போய்விட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, இட்லிப் பானை, மகள். நைனா வண்டி பேசி அனுப்பினார்.

எனக்குத் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அக்காவைப் பார்ப்பேன். அவள் விரல் நகங்கள் எல்லாம் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தன. டிரம்மில் ஒட்டியிருந்த ஏதோ சாயம். தேய்த்தாலும் போவதில்லை. மாதத்தில் பத்து நாள் படுத்துவிடுவாள். அந்தப் பத்து நாள் மகள் பள்ளிக்கூடம் போகாமல் தொழிற்சாலைக் கான்டீனில் பாத்திரம் கழுவும்.

நாலு வருடம் கழித்து எங்கள் குவார்ட்டர்ஸ் முகவரிக்கு அக்கா பெயரில் ஒரு கடிதம் வந்தது. படிவத்தில் எங்கள் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். யாரோ சிலர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்; தள்ளுபடியானவர்களை மறுபடி பரிசோதித்து, எண்ணெயால் வந்த நோய்தான் என்றால் வைத்தியம் தர வேண்டும் என்று உத்தரவு. இறந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நான் அன்றைக்கே பட்டான்செருவுக்குப் போனேன். இந்த முறை எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன்.

"அக்கா, நீங்க எங்க வேல செய்யறீங்கன்னு கேப்பாங்க. டிரம் கழுவறேன்னு சொன்னீங்கன்னா, இந்த நோய் அங்கதான் வந்துச்சுன்னு தள்ளிடுவாங்க. வீட்டு வேல செய்யறேன்னு சொல்லுங்க. எங்க வீட்லன்னே சொல்லுங்க."

அவள் என்னையே பார்த்தாள். "நீயா கண்ணு இப்படிச் சொல்ற?" என்றாள்.

"ஆமா. நான்தான் சொல்றேன்."

குழுவில் இந்தமுறை கம்பெனி ஆள் இல்லை. ஓர் இளம் டாக்டர் மட்டும், பக்கத்தில் ஒரு குமாஸ்தா. வேலை என்ன என்று கேட்டார். "இந்தம்மா வீட்ல பாத்திரம் கழுவறேன்" என்று அக்கா என்னைக் காட்டினாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. டாக்டர் நாடி பார்க்க அவள் கையை எடுத்தவர் நகங்களைப் பார்த்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. "மருதாணிங்க" என்றாள்.

அவர் மருதாணியைப் பார்க்காதவர் இல்லை. நகத்தின் ஓரத்தில், தோலின் வெடிப்பில் எல்லாம் அந்த நிறம் இருந்தது. குமாஸ்தா பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அந்தக் கையை மெல்ல அவள் மடியிலேயே வைத்துவிட்டு, "மெஹந்தி" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். பிறகு நீளமாக ஏதோ எழுதினார்.

ஒரு வருட வைத்தியச் சீட்டு கிடைத்தது. மகளுக்கும் ஒன்று. மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம். அந்த ஒரு வருடம் அக்கா முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வந்து அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். ஆனால் டிரம் கழுவும் வேலையை விடவில்லை. சீட்டில் மருந்து இருந்தது, அரிசி இல்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்; அதற்கு மேல் தருவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வருடம் முடிந்ததும் சீட்டைப் புதுப்பிக்க விண்ணப்பம் எழுதினேன். ஆபீஸ் நேரம் முடிந்தபின் ஆராய்ச்சிக்கூட டைப்ரைட்டரிலேயே அடித்தேன். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். நேரில் போனபோது, அந்தக் குழு கலைந்துவிட்டது, கிடங்கையும் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்றார்கள். தொட்டிகள் இரண்டும் புதிதாக வெள்ளை அடித்து அப்படியே நின்றன.

அக்கா அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே உயிரோடு இருந்தாள். கடைசியாகப் பார்த்தபோது அவளைத் தொட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றும் என்பதால் மகள் அவளைச் சேலையோடு சேர்த்து ஒரு கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினாள். அக்கா என்னிடம், "புள்ளைக்கு ரத்தம் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான். அவள் என்னை நம்பினாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

இறப்புச் சான்றிதழ் வாங்க மகளோடு நான் போனேன். பதினெட்டு வயதுகூட முடியவில்லை அவளுக்கு. சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இறப்புக்குக் காரணம் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தெலுங்கில் பதில் சொன்னாள். நாலாவில் எண்ணெய் வந்த காலையிலிருந்து தொடங்கி, கம்பெனிக்கு அள்ளிய மூன்று நாள், கிணறு, அப்பா, டிரம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் முடித்ததும், "அவ்வளவு எழுத இதில் இடம் இல்லையம்மா" என்று சொல்லி, ரத்தசோகை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.